ஓய்வு பெற்ற இருக்கை

ஹார்லன் மில்ஸ் பேஸ்பால் அணிக்கு நூறு வயதாகப்போகிறது என்ற செய்தியை அந்த அணிக்குச் சொன்னதே லீக்கின் தலைமை அலுவலகம்தான். அணிக்குத் தன் வயது தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்த மைதானத்தில், உரிமையாளர் மாறும்போதெல்லாம் அணியின் பெயரும் மாறியது. மாவு ஆலைக்காரர்கள் என்று தொடங்கி, ரயில்காரர்களாகி, கொஞ்ச காலம் கோபக்காரப் பன்றிகளாக இருந்து, பன்றி வளர்ப்போர் சங்கம் மனம் புண்பட்டதால் சாந்தமான பன்றிகளாகி, கடைசியில் கெளுத்திகள் என்பதில் வந்து நின்றிருந்தது.

வெர்ன் ஓல்தாஃப் இந்தப் பெயர்கள் எதையும் பொருட்படுத்தியதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஆட்டக்காரர்கள் ஓடித் தொடவேண்டிய நான்கு தளங்களில் மூன்றாவது தளத்துப் பக்கம், நடைபாதையை ஒட்டிய இருக்கை அவருடையது. அடுத்த இருக்கை ஆர்லீன் ஸ்வெக்குடையது. ஆர்லீனுக்கு அந்தப்பக்கம் கூரையைத் தாங்கும் தூண். ஆக, ஆர்லீனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பக்கத்து இருக்கைதான் உண்டு. அதில் வெர்ன் உட்கார்ந்து நடுவரைத் திட்டுவார். ஆர்லீன் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி வெர்னைத் திட்டுவார்.

"கண்ணாடிக் கடை ரெண்டாவது தெருவுலதான் இருக்கு, நடுவரே! சனிக்கிழமையும் தொறந்திருப்பான்!"

"அந்தக் கடைய மூடி எத்தனையோ வருஷமாச்சு, வெர்ன். புதுசா ஏதாவது சொல்லித் தொலையேன்."

"அந்த ஆளுக்குத் தெரியவா போகுது? அவன் வெளியூரு."

"கண்ணு தெரியாத ஆளுக்குக் கடை மூடினது மட்டும் எப்படித் தெரியும்னு கேக்குறியா? சரிதான் போ."

இருவரும் தனியாக வாழ்பவர்கள். மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி. செப்டம்பரில் ஆட்டங்கள் முடிந்தால் "பாப்போம்" என்பார்கள். ஏப்ரலில் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள். நடுவில் வரும் பனிக்காலத்தை வெர்ன் ஒரு நீண்ட இடைவேளையாகவே கருதினார்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்க எந்த எதிரியாலும் முடிந்ததில்லை. ஒரு கௌரவத்தால் முடிந்தது.

நூறாண்டுச் செய்தியோடு தலைமை அலுவலகம் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்து அனுப்பியிருந்தது. லீக்கில் அணிகளைக் குறைக்கப் போகிறார்கள். போதிய பாரம்பரியம் இல்லாத அணிகள் முதலில் போகும். கோடை முடிவதற்குள் ஒருவர் நேரில் வந்து பாரம்பரியத்தைப் பார்வையிடுவார்.

கெளுத்திகளின் தலைவர் ட்ரெண்ட் பார்டெல், அதற்கு முன் மெத்தை விற்றவர். எதையும் அழுத்திப் பார்த்தே முடிவெடுப்பவர். அவர் உடனே பாரம்பரியத் துறை ஒன்றை உருவாக்கி, டிக்கெட் கவுன்டரில் இருந்த கெண்டல் என்ற இளம்பெண்ணை அதன் துணைத்தலைவராக்கினார். மழை வந்தால் ஆடுகளத்தின் மேல் தார்ப்பாய் இழுக்கும் வேலையும் கெண்டலிடமே தொடர்ந்தது.

கெண்டல் தேடிப் பார்த்ததில், அணிக்கு வரலாறு என்று எதுவும் சேர்ந்திருக்கவில்லை. கெட்டிக்கார ஆட்டக்காரனைப் பெருநகரத்துப் பெரிய அணி மேலே தூக்கிக்கொண்டுவிடும். மோசமானவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டிலும் சேராதவன் தானாகவே காப்பீடு விற்கப் போய்விடுவான். நாடறிந்த ஆட்டக்காரர் ஒருவர் இளமையில் இங்கே ஒரு வாரம் இருந்திருந்தார். அந்த வாரம் முழுக்க மழை. நூற்றாண்டு விழாவுக்கு அழைத்தபோது அவருடைய வக்கீல், தன் கட்சிக்காரருக்கு மழை மட்டும் நினைவிருப்பதாகத் தெரிவித்தார். ஒரு சாம்பியன் கோப்பையும் வென்றிருந்தார்கள், ரயில்காரர்களாக இருந்த காலத்தில். ஆனால் ரயில்காரர்கள் என்ற பெயரை அப்போதைய உரிமையாளர் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவுக்குக் கொண்டுபோய்விட்டார். பெயர் எங்கே போகிறதோ வரலாறும் அங்கேதான் போகும் என்பது லீக்கின் விதி. எனவே ஹார்லன் மில்ஸில் நடந்த அந்த வெற்றி, சட்டப்படி நெப்ராஸ்காவில் நடந்தது.

"அப்போ இங்கயேதான் இருந்தது யாரு?" என்று பார்டெல் கேட்டார்.

கெண்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாவது தளத்துப் பக்கம் ஒரு பெரியவர் எழுந்து நின்று, நடுவரின் பார்வையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆட்டத்தில் கெண்டல் ஒலிப்பதிவுக் கருவியோடு வெர்னுக்குப் பக்கத்தில் நடைபாதைப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், இத்தனை வருஷத்துல உங்களால மறக்கவே முடியாத ஆட்டம் எது?"

வெர்ன் யோசித்தார். "பன்னிக்குட்டி ஓடுச்சே, அதுதாம்மா. அதப் புடிக்க ரெண்டு அணியும் சேந்து ஓடினாங்க. நம்ம ஆளுங்க அவ்ளோ வேகமா ஓடி நான் பாத்ததே இல்ல."

"அந்த ஆட்டத்துல யார் ஜெயிச்சா?"

"பன்னி."

"இந்த மைதானம் உங்களுக்கு என்ன கத்துக் குடுத்துச்சு சார்?"

"ஹாட் டாக்க அஞ்சாவது இன்னிங்ஸுக்கு முன்னாடியே வாங்கிடணும்னு."

"இந்த ஆளு சொல்றத எல்லாம் பதிவு பண்ணாத கண்ணு," என்றார் ஆர்லீன். "கருவி கெட்டுப்போயிடும்."

கெண்டல் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாள். இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நல்ல சட்டை போட்டு வரும்படி வெர்னுக்குத் தகவல் வந்தது. ஒரு கம்பளி தருவார்கள் என்று நினைத்தார். வங்கி திறந்தபோது எல்லோருக்கும் கம்பளிதான் தந்தார்கள்.

பெரிய ஆட்டக்காரர் ஒருவர் விடைபெறும்போது, அவருடைய சட்டை எண்ணை இனி யாரும் அணியக்கூடாது என்று ஓய்வு கொடுப்பது பேஸ்பாலின் மிகப்பெரிய மரியாதை. அதைத்தான் செய்தார்கள். வெர்னுக்குச் சட்டையோ எண்ணோ கிடையாது என்பதால் இருக்கைக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

பார்டெல் ஆடுகளத்தின் நடுவில் நின்று பேசினார். "அன்பார்ந்த ரசிகர்களே! திறமை உள்ளவங்க எல்லாரும் நம்மள விட்டுப் போயிருக்காங்க. போக்கிடம் உள்ளவங்களும் போயிருக்காங்க. நானே மூணு ஊருக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். ஆனா ஒரே ஒருத்தர் போகல. ஏன் போகலன்னு நம்ம பாரம்பரியத் துறை ஆராய்ச்சி பண்ணுச்சு. காரணம் கிடைக்கல. காரணமே இல்லாம இருக்கிறதுதான் விசுவாசம்! வெர்ன் ஓல்தாஃப் அவர்களோட இருக்கையில இன்னிலேருந்து யாருமே, என்னிக்குமே, உக்கார மாட்டாங்க!"

கூட்டம் கைதட்டியது. வெர்னும் தட்டினார். கடைசி வாக்கியம் அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் இருக்கைக்குத் தங்க வண்ணம் பூசி, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

பார்டெல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க இனிமே சாதாரண ரசிகர் இல்ல சார். உங்களுக்குன்னு தனியா வரலாற்று விருந்தினர் இருக்கை போட்டிருக்கோம். முதல் தளத்துப் பக்கம். உங்க இருக்கை அங்கேருந்து அருமையாத் தெரியும்."

உண்மையிலேயே அருமையாகத் தெரிந்தது. மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில், தங்க இருக்கை வெயிலில் பளபளக்க, அதற்குப் பக்கத்தில் ஆர்லீன் தனியாக விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆட்டத்தில் வெர்ன் ஒன்றும் தெரியாதவர் போலப் போய், கயிற்றைத் தாண்டித் தன் இடத்தில் உட்கார்ந்தார். காவலாளி ஓடிவந்தான்.

"எந்திரிங்க பெரியவரே. இது வெர்ன் ஓல்தாஃப் இருக்கை."

"நான்தான்யா வெர்ன் ஓல்தாஃப்."

"அப்படின்னா எல்லாரையும் விட உங்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கணும். இங்க யாரும் உக்காரக் கூடாது."

வெர்ன் ஆர்லீனைப் பார்த்தார்.

"என்னை என்ன பாக்குற? உன்னைத்தான் தெய்வமாக்கிட்டாங்களே. போ, கோயில்ல போய் உக்காரு."

"நீ அந்தப்பக்கம் வாயேன் ஆர்லீன். அங்க ஒரு இடம் காலியா இருக்கு."

"நான் எதுக்கு வரணும்? நான் மாறினா இவங்க செஞ்சது சரின்னு ஆயிடும். என் தூண விட்டு நான் வரமாட்டேன்."

பாரம்பரியம் ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை. நான்காவது இன்னிங்ஸ் முடிந்ததும் தங்க இருக்கையை நோக்கி எல்லோரும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வெர்னும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். மௌனத்தில் நிற்கும்போது பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரர் மெல்லக் கேட்டார்: "பாவம், எப்படி இறந்தாரு?"

"இன்னும் இல்ல," என்றார் வெர்ன்.

"கடைசி வரைக்கும் போராடியிருக்காரு போல," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செய்தி ஊருக்குள் வேறு விதமாகப் பரவியது. காலியான இருக்கைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும்? லூத்தரன் தேவாலயத்துப் பெண்கள் ஆர்லீன் வீட்டுக்கு துக்க வீட்டுக்குத் தரும் உருளைக்கிழங்கு கேசரோல் பதார்த்தமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். மறுத்துச் சொன்னால், துக்கத்தில் பேசுகிறாள் என்று இன்னொன்று கொண்டுவந்தார்கள்.

பிறகு தலையாட்டி பொம்மை நாள் வந்தது. முதலில் வரும் ரசிகர்களுக்கு வெர்ன் உருவத்தில் பொம்மை இலவசம். புது அச்சு செய்ய நேரமில்லாததால், முன்பு மிஞ்சிப்போன ஒரு பயிற்சியாளர் பொம்மைக்கு வெர்ன் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். அந்தப் பயிற்சியாளருக்குப் பெரிய மீசை. கெண்டல் தயங்கித் தயங்கி வந்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. செப்டம்பருக்குள்ள மீசை வளத்துக்க முடியுமா? பார்வையிட வர்றவர் ஒப்பிட்டுப் பாப்பாராம்."

வெர்ன் நூற்றாண்டு விழாக் கமிட்டிக்கே நேரில் போனார். தனக்குக் கௌரவம் வேண்டாம், இருக்கை போதும் என்றார். கமிட்டி அவரைப் பரிவோடு பார்த்தது.

"வரலாற்ற மாத்தச் சொல்றீங்களா சார்?" என்றார் பார்டெல். "நாங்க அதை எழுதி இன்னும் ஒரு மாசம்கூட ஆகல."

வேறு வழியில்லாமல் வெர்ன் கத்தத் தொடங்கினார். ஆடுகளத்துக்கு இந்தப்பக்கத்திலிருந்து அந்தப்பக்கத்துக்கு.

"ஆர்லீன்! அந்த நடுவரப் பாத்தியா? கண்ணாடிக் கடை..."

"மூடிட்டாங்கன்னு சொன்னேன்ல!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அன்றைக்கு வெர்ன் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். ஆனால் கூட்டம் சிரித்ததைப் பார்டெல் பார்த்துவிட்டார். அடுத்த ஆட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், ஆறாவது இன்னிங்ஸுக்கு எதிரே "மாபெரும் கூவல்" என்று அச்சாகியிருந்தது. ஊரின் சைலன்சர் பழுதுபார்க்கும் கடை அதை வழங்கியது. இருவருக்கும் ஒலிவாங்கி கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு மாடு கத்தியதும் அவர்கள் தொடங்க வேண்டும்.

மாடு கத்தியது. மைதானமே அமைதியானது.

வெர்ன் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். அவருக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "ஆர்லீன்," என்றார். அவர் குரல் சோளக்காடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "சௌக்கியமா?"

கூட்டம் "ஓ" என்று குழைந்தது. யாரோ விசில் அடித்தார்கள். பெரிய திரையில் ஆர்லீனின் முகத்தைச் சுற்றி இதயம் வரைந்து காட்டினார்கள். ஆர்லீன் விதைத் தோல் கோப்பையைத் தரையில் வைத்தார். ஒலிவாங்கியைத் தங்க இருக்கையில் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.

வாயிலருகே வெர்ன் மூச்சிரைக்க வந்து பிடித்தார்.

"ஆர்லீன், இரு. நான் ஒண்ணும் பண்ணல."

"தெரியும். நீ என்னிக்குத்தான் என்ன பண்ணின?" என்றார் ஆர்லீன். "நாம ரெண்டு பேரும் யாருக்கும் கேக்காம சண்டை போட்டுக்கிட்டிருந்தோம் வெர்ன். அதுக்குத்தான் நான் வந்தேன். ஆட்டத்துக்கா வந்தேன்? இந்தப் பசங்க ஆடுறத எவ காசு குடுத்துப் பாப்பா? நான் இனிமே வரல."

அந்தக் கோடையின் மிச்ச ஆட்டங்களில், எதிரே ஒரு தங்க இருக்கையும் ஒரு காலி இருக்கையும் இருந்தன. வெர்ன் நடுவரைத் திட்டவில்லை. நடுவர்களில் ஒருவர் கவலைப்பட்டு விசாரித்ததாகச் சொல்கிறார்கள்.

செப்டம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். மௌன நிமிடத்தில் நெஞ்சில் கைவைத்து நின்றார். பொம்மையை எடுத்து வெர்னின் முகத்தோடு ஒப்பிட்டார். முளைத்தும் முளைக்காமலும் இருந்த மீசையைப் பார்த்து "வயசாயிடுச்சு இல்லையா, உதிரத்தான் செய்யும்" என்றார். காலியாகிவிட்ட ஆர்லீனின் இருக்கையைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது. "ரெண்டாவது இருக்கையும் ஓய்வு பெற்றுடுச்சா? மத்த அணிகள்ல ஒண்ணுகூட இல்ல," என்றார். ஹார்லன் மில்ஸ் கெளுத்திகள் காப்பாற்றப்பட்டார்கள்.

காப்பாற்றப்பட்ட அணிக்கு நல்ல விலை கிடைக்கும். பனி விழுவதற்குள் உரிமையாளர் அதை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் உள்ளூர்க் குழந்தைகளிடம் கருத்துக் கேட்டு, அணிக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: மின்னல் முள்ளங்கிகள்.

பழைய உரிமையாளர் கெளுத்திகள் என்ற பெயரை மட்டும் விற்கவில்லை. ஆர்கன்ஸாவில் யாரோ அதை நல்ல விலைக்குக் கேட்டிருந்தார்கள். பெயரோடு வரலாறும் போயிற்று. பார்டெலும் போனார், அவர் விண்ணப்பித்த மூன்று ஊர்களில் அது இல்லையென்றாலும். இத்தனை வருடமாக வெர்ன் ஓல்தாஃப் உட்கார்ந்து பார்த்த எல்லாமே இப்போது ஆர்கன்ஸாவில் நடந்தவை.

ஏப்ரலில் மைதானம் திறந்த அன்று வெர்ன் மீசையை மழித்துவிட்டு வெகு சீக்கிரமே போனார். எல்லா இருக்கைகளுக்கும் ஒரே சிவப்பு முள்ளங்கி வண்ணம் அடித்திருந்தார்கள். கயிறு இல்லை. தங்கம் இல்லை. படியிறங்கி வந்தவர் நின்றுவிட்டார். அவருடைய இடத்தில் ஒரு கைப்பை இருந்தது. தூணுக்கும் கைப்பைக்கும் நடுவில் ஆர்லீன்.

"வரமாட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன். அது கெளுத்திங்ககிட்ட," என்றார் ஆர்லீன், பையை எடுத்து மடியில் வைத்தபடி. "யாராவது வந்து உக்காந்துடப் போறாங்கன்னு காலையிலேருந்து பைய வெச்சுக்கிட்டு இருக்கேன். இதான் வர்ற நேரமா?"

வெர்ன் உட்கார்ந்தார். இருக்கை முன்பு போலவே இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. ஆர்லீன் விதைப் பொட்டலத்தை நீட்டினார். இருவரும் கொறித்தார்கள்.

இரண்டாவது இன்னிங்ஸில், புத்தம்புதுக் கோட்டு போட்ட ஒருவர் படியிறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் ஆளுயர முள்ளங்கி ஒன்று, பச்சை இலைகள் ஆட, படிப்படியாகத் தட்டுத் தடுமாறி வந்தது. சாக்கு போன்ற அந்த உடுப்புக்குக் கண் இருந்த இடத்தில் வலைத்துணி. வலைக்குப் பின்னால் கெண்டலின் கண்கள் தெரிந்தன. புது நிர்வாகத்தில் அவளுக்குக் கிடைத்த பதவி அது.

"வணக்கம்! நான் முள்ளங்கிகளோட பாரம்பரிய இயக்குநர்," என்றார் கோட்டுக்காரர். "எங்களுக்கு இன்னும் வரலாறு இல்ல. ஆனா வேர் இல்லாம முள்ளங்கி ஏது? ரொம்ப நாளா வர்ற ரசிகர்கள் யாராவது இருந்தா பெரிய அளவுல கௌரவிக்கலாம்னு இருக்கோம். நீங்க எத்தனை வருஷமா வர்றீங்க சார்?"

வெர்ன் வாயில் இருந்த விதையை மென்று முடித்தார்.

"இன்னிக்குத்தான் தம்பி முதல் தடவ."

"அப்படியா? நீங்கம்மா?"

"நானும்தான்," என்றார் ஆர்லீன். "இது என்ன விளையாட்டு, ராசா? கோல் எங்க போடுவாங்க?"

கோட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்தது. முள்ளங்கியைத் திரும்பிப் பார்த்தார். "நீ பழைய ஆளாச்சே. இவங்கள இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?"

உடுப்புக்குள் இருக்கும்போது முள்ளங்கி பேசக்கூடாது என்பது விதி. அது வெர்னைப் பார்த்தது. ஆர்லீனைப் பார்த்தது. நடுவில் இடைவெளியில்லாத இரண்டு இருக்கைகளையும் பார்த்தது. பிறகு தன் பெரிய தலையை, இலைகளெல்லாம் அசைய, இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டியது.

கோட்டுக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அதே நேரத்தில் ஆடுகளத்தில் முள்ளங்கிகளின் ஆள் ஒருவன் தளத்தை நோக்கிப் புழுதி பறக்கச் சறுக்கி வந்தான். ஊரே பார்க்கத் தெளிவாகத் தொட்டான். கறுப்புச் சட்டை போட்ட நடுவர் கட்டைவிரலைத் தூக்கி, அவுட் என்றார்.

வெர்ன் துள்ளி எழுந்துவிட்டார். மார்பு விரிந்தது. வாய் திறந்தது. கண்ணாடிக் கடை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கோட்டுக்காரர் அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தார்.

ஆர்லீன் வெர்னின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்," என்றார் வெர்ன், விளையாட்டே தெரியாதவர் போல, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "யாரு, ரொம்ப நல்லவரா?"

உட்கார்ந்தார். பக்கத்தில் ஆர்லீனுக்குச் சிரிப்பில் விதைத் தோல் கோப்பைக்கு வெளியே தெறித்தது.